செல்லம் புருஷனை வரவழைத்த கதை

செல்லம் சிரித்தால் ரப்பர் காட்டில் பத்து வரிசை தள்ளிப் பால் வெட்டுகிறவர்களுக்கும் கேட்கும். எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாமலே அவர்களும் சிரிப்பார்கள். நிக்கோபாரில் கட்சால் தீவில் எங்களை இறக்கிவிட்ட புதிதில், முன்னால் கடலும் பின்னால் காடுமாக நாங்கள் திகைத்து நின்றபோது முதலில் சிரித்தவள் அவள்தான். இலங்கைத் தோட்டத்து வரிசை வீடுகளை லயம் என்போம். சர்க்கார் கட்டியிருந்த தகரக் கொட்டகை வரிசையைக் காட்டி, "அக்கா, இதுவும் லயம்தான். ஆனா இங்க குளிராது, கம்பளிக் காசு மிச்சம்" என்றாள். எனக்கு வந்த அழுகை எங்கேயோ போய்விட்டது.

என் பெயர் இந்திராணி. செல்லமும் நானும் ஒரே கப்பலில் வந்தோம். லயத்தில் பக்கத்துப் பக்கத்து அறை, எங்கள் பேச்சில் காம்பரா. இலங்கையில் அவள் எட்டியாந்தோட்டைப் பக்கம், நான் வேறு தோட்டம். இரண்டு சர்க்காரும் கூடி ஒப்பந்தம் போட்டு, இன்னார் இந்தியாவுக்கு, இன்னார் இலங்கைக்கு என்று எங்களைப் பங்கு பிரித்துக்கொண்ட காலம் அது. செல்லத்தின் அப்பா சிவஞானம் இந்தியாவுக்கு மனுப் போட்டிருந்தார். அதே தோட்டத்தில், துரை பங்களாவில் சமையல் செய்துகொண்டிருந்த குழந்தைவேலுவின் குடும்பம் இலங்கைக்கு மனுப் போட்டு, பிரஜாவுரிமையும் வாங்கிவிட்டது. செல்லமும் குழந்தைவேலுவும் ஒருவர்மேல் ஒருவர் மனுப் போட்டிருந்ததை எந்தச் சர்க்காரும் விசாரிக்கவில்லை.

தை மாதம் கலியாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். அதற்குள் செல்லத்தின் வீட்டாருக்குத் தோட்டத்தை விட்டுக் கிளம்பச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. சிவஞானம் தலையில் அடித்துக்கொண்டார். குழந்தைவேலு முட்டை அடித்தார். கலியாணக் கேக்குக்கு. கோயிலில் அவசரத் தாலி, ரிஜிஸ்தர் ஆபீசில் அவசரக் கையெழுத்து, மறுநாளே தலைமன்னார் ரயில். ரயில் நகர நகர அவர் பிளாட்பாரத்தில் ஓடிவந்து, பிஸ்கட் டின்னில் அடைத்த கேக்கை ஜன்னல் வழியாகத் திணித்தார்.

"கேக் முடியிறதுக்குள்ள வந்துருவேன் புள்ள!" என்று கத்தினார்.

கேக், கடல் தாண்டி இந்தியாவில் இறங்கிய மண்டபம் முகாமிலேயே முடிந்துவிட்டது. அவர் வர நாலு வருஷம் ஆயிற்று.

கலியாணமான பெண் புருஷனோடு தங்கிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். அப்பாவின் குடும்பக் காகிதத்தில் அவள் பெயர் ஏறிவிட்டது. ஏறிய பெயரை இறக்கச் சொன்னால் மொத்தக் குடும்பத்தின் காகிதமும் கட்டுக்கு அடியில் போய்விடும். வேலையை விட்டு, காம்பராவைக் காலி செய்து, சட்டிபானையை விற்றவர்கள் அதுவரை எங்கே போய் நிற்பது? அதனால் அவள் முதலில் போவது, அவர் பின்னாலேயே வருவது என்று முடிவானது. புருஷன் பெண்சாதி சேர்வதற்கு யார் குறுக்கே நிற்கப் போகிறார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள்.

யாரும் குறுக்கே நிற்கவில்லைதான். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டினார்கள். அவ்வளவுதான்.

இலங்கையில் பாஸ்போர்ட் கேட்டால், இந்தியா உன்னைச் சேர்த்துக்கொள்ளும் என்பதற்குக் காகிதம் கொண்டுவா என்றார்கள். இந்தியாவுக்கு விசா கேட்டால், எங்கே தங்குவாய், யார் உனக்குச் சோறு போடுவார்கள், அதற்குக் காகிதம் கொண்டுவா என்றார்கள். தங்கப்போகிற இடமோ கட்சால். நிக்கோபார் தீவுகள் அங்கே ஆதியிலிருந்து வாழ்கிறவர்களுக்கென்று ஒதுக்கிய மண். மெட்ராஸ்காரனே பாஸ் இல்லாமல் அங்கே காலை வைக்க முடியாது. சரி, அந்தப் பாஸைக் கேட்போம் என்று போனால், ஆளுடைய பாஸ்போர்ட் நம்பர் என்ன என்றார்கள்.

"இது ராட்டினம் அக்கா" என்றாள் செல்லம். "தலை சுத்துது. ஆனா இறங்க மனசு வரல்ல."

எங்களைப் போல, போக மாட்டோம் என்று அழுதவர்களுக்கு ரயிலும் கப்பலும் சர்க்கார் செலவு. வருகிறேன் வருகிறேன் என்று கெஞ்சிய குழந்தைவேலுவுக்கு எல்லாமே சொந்தச் செலவு. அந்தச் செலவையெல்லாம் எழுதினால் இது கணக்கப்பிள்ளை புத்தகமாகிவிடும். செல்லத்தின் காதிலிருந்த தோடு போய் ஈர்க்குச்சி வந்ததை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். ஈர்க்குச்சியையும் அவள் சும்மா விடவில்லை. சிவப்புச் சாயம் தோய்த்துப் போட்டுக்கொண்டாள். அடுத்த வாரமே லயத்துப் பெண்கள் பாதிப்பேர் காதில் சிவப்பு ஈர்க்குச்சி.

அங்கே குழந்தைவேலு கொழும்புக்கு லீவு போட்டுப் போட்டு, துரைக்குப் பொறுமை போய், வேலையும் போய்விட்டது. மனுஷர் அசரவில்லை. பாஸ்போர்ட் ஆபீசுக்கு எதிரிலேயே ஒரு சாப்பாட்டுக் கடையில் சேர்ந்துகொண்டார். மத்தியானமானால் கிளார்க்குமார் அங்கேதானே வரவேண்டும்! ஒரு கரண்டி குழம்பு கூடுதலாக ஊற்றி, எந்தக் காகிதத்தை முதலில் கேட்கவேண்டும் என்று மெதுவாக விசாரிப்பாராம். அவருடைய கடிதம் மாதத்துக்கொரு முறை கப்பலில் வரும். செல்லத்துக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும் என்பதால் லயத்து வாசலில் வைத்து நான் உரக்கப் படிப்பேன். "இன்று பெரிய கிளார்க் என் மீன் குழம்பைப் புகழ்ந்தார். காரியம் பழம்" என்று ஒரு தடவை எழுதியிருந்தார். எல்லோரும் கை தட்டினோம். அடுத்த கப்பலில், "அந்தக் கிளார்க் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் சைவம்" என்று வந்தது. அதற்கும் விழுந்து விழுந்து சிரித்தோம். வேறென்ன செய்வது?

எங்கள் தோட்ட ஆபீசில் ஜெகநாதன் என்று ஒரு தலைமைக் கிளார்க். மெயின்லேண்டிலிருந்து, கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்தவர். நல்ல மனுஷர், பயந்த சுபாவம். செல்லத்துக்காகப் பாஸ் மனுவை விரித்து வைத்துக்கொண்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"இதோ பாரும்மா. தோட்டத்தில் வேலை செய்யறவாளை அண்டி வாழறவா யார் யார்னு இங்கே கேட்டிருக்கான். பெண்சாதி, சின்னப் பிள்ளைகள், வயசான தாய் தகப்பன். புருஷன்னு ஒரு கட்டமே இல்லையே."

"அப்ப ஒரு கட்டம் போடுங்க சார். ரெண்டு கோடு கிழிக்கிறதுதானே?"

"நான் கிழிச்சா என் வேலை கிழிஞ்சிடும்" என்றார் ஜெகநாதன். "நீயே போர்ட் பிளேர் போய்ப் பெரிய ஆபீசில் கேட்டுப் பாரு."

அப்படித்தான் செல்லம் போர்ட் பிளேருக்குக் கிளம்பினாள். சாட்சிக் கையெழுத்துப் போட நானும் கூடப் போனேன். வழிச்செலவுக்கும் முத்திரைக் காகிதத்துக்கும் விற்பதற்காகக் கூடையில் கோழிகளை அடைத்து எடுத்துக்கொண்டாள். கப்பலில் எனக்குத் தலைசுற்றலும் வாந்தியும். செல்லமோ கோழிக்கூடையைக் கட்டிக்கொண்டு மேல்தட்டில் உட்கார்ந்து, தெலுங்குக்காரர்கள், மலையாளிகள், வங்காளிகள் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் கடைவீதி இந்தியில், "மேரா ஆத்மி ஆயேகா, என் புருஷன் வரப்போறார்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கப்பல் போர்ட் பிளேரைத் தொடுவதற்குள் முன்பின் தெரியாத நாலு குடும்பம் குழந்தைவேலுவுக்காகச் சாமி கும்பிட ஒப்புக்கொண்டிருந்தது.

ஆபீசில் எங்களை ஒரு வங்காளி அதிகாரியிடம் அனுப்பினார்கள். மண்டல் பாபு என்று பெயர். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்து, பெரார்கஞ்ச் பக்கம் நிலம் வாங்கிக் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. கோழிக்கூடையை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று பியூன் தடுத்தார். வெளியே வைத்தால் போய்விடும் என்று செல்லம் அதைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

மண்டல் பாபு குழந்தைவேலுவின் போட்டோவை எடுத்துப் பார்த்தார். "யே கௌன், யார் இது?"

"மேரா ஆத்மி, பாபு."

"ஆத்மி?" அவர் பேனாவை வைத்துவிட்டார். இதற்குமேல் அவருடைய இந்தியும் அவளுடைய பாதி இந்தி பாதித் தமிழும் கலந்து நடந்த பேச்சை நம் பாஷையிலேயே சொல்கிறேன்.

"புருஷன்தானம்மா பெண்சாதியைக் காப்பாற்றணும். நீ எப்படி அவனைக் காப்பாற்றுவே?"

"பால் வெட்டிக் காப்பாத்துவேன் பாபு. சர்க்கார் தோட்டம், மாசச் சம்பளம்."

"அவன் என்ன பண்ணுவான்?"

"சோறாக்குவாரு."

"நீ சம்பாதிச்சு வருவே, அவன் சோறாக்குவானா?"

"நல்லா ஆக்குவாரு பாபு! நான் ஆக்கினா எங்க அப்பாவே உண்ண மாட்டாரு. வேணும்னா இந்த அக்காவைக் கேளுங்க."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். சாட்சி சொல்லத்தானே போயிருந்தேன்.

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எழுந்து வந்தார்கள். ஒருவர் சட்டத்தில் பெண்சாதிக்குத்தான் இடம் என்றார். இன்னொருவர் மனுஷிக்கு மனுஷன் சமம் என்று அரசாங்கமே சொல்லியாயிற்றே என்றார். அவர்களுக்குள் சண்டை சூடுபிடித்தது. மண்டல் பாபு மட்டும் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் மூடினார்.

"புருஷனைச் சேர்க்கலாம்னு எங்கேயும் எழுதலை" என்றார். செல்லத்தின் முகம் விழுந்தது. "சேர்க்கக் கூடாதுன்னும் எழுதலை. நீ சத்தியப் பத்திரம் எழுதித் தருவியா? அவனை உன் செலவில் வைத்துக் காப்பாத்தறதா?"

செல்லம் எழுந்து நின்றாள். முந்தானையைச் செருகிக்கொண்டு, கோயிலில் நிற்கிற மாதிரி கைகூப்பிக்கொண்டாள். "குழந்தைவேலுங்கிற என் புருஷனுக்கு நான் சோறு போடுவேன். துணிமணி எடுத்துக் குடுப்பேன். சீக்கு வந்தா பாத்துக்குவேன். நடுத்தெருவுல விடமாட்டேன். சர்க்காருக்கு அவரால ஒரு தொல்லையும் வராது. இது சத்தியம்."

தாலி கட்டும்போது எந்த மாப்பிள்ளையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த நேரம் பார்த்துப் பெஞ்சுக்கு அடியில் ஒரு கோழி கொக்கரித்தது. குனிந்து பார்த்தால் முட்டை போட்டிருந்தது.

"இதுவும் உன் சொத்தில் சேருமா?" என்று கேட்டார் மண்டல் பாபு, சிரிப்பை அடக்க முடியாமல்.

"எழுதிக்குங்க பாபு!"

எழுதிக்கொண்டார்களோ இல்லையோ, கோழிகளில் இரண்டை அந்த ஆபீஸ்காரர்களே நல்ல விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். பத்திரம் பதிவானது. அன்று அபர்தீன் பஜாரில் நாங்கள் ஜிலேபி தின்று தின்று, சர்க்கரைப் பாகு முழங்கை வரை வழிய, பைத்தியக்காரிகள் மாதிரி நடந்தோம்.

அதற்குப் பிறகும் ராட்டினம் ஒரு சுற்று சுற்றத்தான் செய்தது. ஆனால் இந்தத் தடவை ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு முத்திரை விழுந்தது. பாஸ் தருவதாக வாக்கு, வாக்கைக் காட்டிப் பாஸ்போர்ட், பாஸ்போர்ட்டைக் காட்டி விசா. கடைசியில் ஒரு நாள் தோட்ட ஆபீசுக்குக் கம்பியில்லாத் தந்தியில் சேதி வந்தது: குழந்தைவேலு போர்ட் பிளேருக்கு வந்து, பாஸ் வாங்கி, கட்சால் கப்பலில் ஏறிவிட்டார்.

கட்சாலில் அப்போது கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நிற்கும். தோணியில் போய்த்தான் ஆளையும் அரிசியையும் இறக்கவேண்டும். செல்லம் கரையில் காத்திருக்க மறுத்துவிட்டாள். தோணிக்காரரிடம் கெஞ்சி ஏறிக்கொண்டாள். என் கையையும் பிடித்து இழுத்துவிட்டாள். அலையில் தோணி கப்பலின் வயிற்றில் போய் முட்டி முட்டித் திரும்பியது. மேலே கம்பி ஓரத்தில், துரை கொடுத்த பழைய கோட்டும் வழுக்கை விழுந்த தலையுமாக ஒருவர். முதலில் எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. பிறகு செல்லம், "ஐயோ, அவருதான்! முடியை மட்டும் விட்டுட்டு வந்துட்டாரு!" என்று கத்தினாள்.

ஏணித் தலைப்பில் போலீஸ் ஹவில்தார் பாஸ்களை வாங்கிப் பார்த்து ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தார். குழந்தைவேலுவின் முறை வந்தது. ஹவில்தார் பாஸைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி பாஸைப் பார்த்தார்.

"ஸ்ரீமதி குழந்தைவேலு கஹான் ஹை?" என்று கேட்டார். "இது அவுரத் பாஸ். பொம்பளை எங்கே?"

நடந்தது இதுதான். அச்சடித்த பாஸில் 'பெண்சாதி' என்ற கட்டம்தான் இருந்தது, புருஷன் இல்லை. டைப் அடித்தவர் இருக்கிற கட்டத்தில் அடித்துவிட்டார்: தோட்டத் தொழிலாளி செல்லத்தின் பெண்சாதி, ஸ்ரீமதி குழந்தைவேலு.

"அந்தப் பேரு எம் பேருதான் ஐயா!"

"நீ ஆம்பளை. இது பொம்பளை பாஸ். பொம்பளை வந்தா இறக்குவேன். நீ திரும்பிப் போ."

கீழே தோணியிலிருந்து செல்லம் ஹவில்தாரிடம் இந்தியில் ஒரு பாட்டம் கத்தினாள். காற்றில் அது மேலே எட்டவில்லை. அரிசி மூட்டையெல்லாம் இறங்கிவிட்டது. கப்பல் அடுத்த தீவுக்குப் போகவேண்டும். ஊதல் ஊதியது. இரண்டாவது ஊதலும் ஊதியது. குழந்தைவேலு ஏணிக்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கப்பல் சமையல்காரரிடம் வழியில் கற்றுக்கொண்ட இந்தி அவருக்கு மொத்தமே பத்து வார்த்தை. அதில் இரண்டைப் பொறுக்கி எடுத்தார்.

"மே பீபி!" என்று முழங்கினார். "ஐயா, அந்தப் பொஞ்சாதி நான்தான்! இவ எனக்குச் சோறு போடுறதா சத்தியம் பண்ணியிருக்கா! கீழ நிக்கிறா பாருங்க, அவதான் என் புருஷன்!"

கப்பல் சிரித்தது. மேல்தட்டு, கீழ்த்தட்டு, எஞ்சின் அறையிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள், தோணிக்காரர், எல்லோரும். ஹவில்தார் மீசையைக் கடித்து அடக்கப் பார்த்தார். முடியவில்லை. தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டீக் ஹை, பீபி" என்றார். "உதரோ, இறங்கு. புருஷன்கிட்ட போ."

குழந்தைவேலு ஏணியில் பாதி இறங்கி, மீதிக்குத் தோணியில் விழுந்தார். எழுந்து செல்லத்தைப் பார்த்தார். நாலு வருஷமாகச் சொல்ல வைத்திருந்ததை எல்லாம் சொல்ல வாயைத் திறந்தார். அலை ஒன்று தோணியைத் தூக்கிப் போட்டது. அவசரமாகத் தோணி ஓரத்துக்குத் திரும்பிக் கடலில் வாந்தி எடுத்தார்.

"என்னாங்க" என்றாள் செல்லம் அவர் முதுகைத் தடவிக்கொண்டே. "சீக்கு வந்தா பாத்துக்குவேன்னு எழுதிக் குடுத்திருக்கேன். பயப்படாம எடுங்க."

கரைக்கு வந்ததும் நேரே ஜெகநாதன் ஆபீசுக்குக் கூட்டிப்போனோம். அவர் பாஸைப் படித்துவிட்டு மறுபடி கண்ணாடியைத் துடைத்தார்.

"திருத்தத்துக்கு அனுப்பலாம். ஆனா திருத்தி வர்ற வரைக்கும் இவர் கையில் பாஸ் இருக்காது. பாஸ் இல்லாதவர் தீவில் இருக்கப்படாது. அடுத்த கப்பலில் போர்ட் பிளேர் போய் அங்கேதான் காத்திருக்கணும்."

"திருத்தவே வேணாம் சார்!" இரண்டு பேரும் ஒரே குரலில்.

அப்படிச் சட்டப்படி வந்தவர் சட்டப்படியே பெண்சாதியாக இருந்தார். வருஷா வருஷம் பாஸைப் புதுப்பித்தபோதும் பழையதைப் பார்த்துத்தான் புதியதை அடித்தார்கள். அதனால் ஒரு லாபமும் வந்தது. பால் வெட்டப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் கஞ்சி காய்ச்சும் ஆயா வேலை காலியாக இருந்தது. பெண்களுக்கான வேலை. குழந்தைவேலு சட்டைப்பையிலிருந்து பாஸை எடுத்துக் காட்டினார். தோட்டத்துத் துரை அதைத் தம் மனைவிக்குக் காட்டவேண்டுமென்று வீட்டுக்கு எடுத்துப் போனார். மறுநாள் வேலை கொடுத்தார். அந்தக் கஞ்சியைக் குடித்த பிள்ளைகள் வீட்டுச் சோற்றைத் தொட மறுத்தன. அதைச் சொல்லித் தாய்மார்கள் செல்லத்தோடு சண்டைக்கு வந்தார்கள்.

அவருக்கு இந்தியப் பிரஜாவுரிமை கிடைக்க மேலும் சில வருஷம் ஓடியது. இந்தத் தடவை யாருடைய பெண்சாதியாகவும் இல்லை. அவருடைய தாத்தா துறையூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர் என்பதை நிரூபித்து வாங்கினார். உறுதிமொழி எடுக்கப் போர்ட் பிளேர் போனபோது, தங்கள் கைக்குழந்தை மல்லிகாவையும் என்னையும் சேர்த்துக் கூட்டிப்போனார்கள். கையை உயர்த்திச் சொல்லி முடித்து வெளியே வந்ததும், இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இனி எந்த ஆபீசிலும் எந்தக் காகிதமும் கேட்க வேண்டியதில்லை. கால் போன போக்கில் நடந்து சாத்தம் படகுத்துறைக்கு வந்து சேர்ந்தோம். எதிர்க்கரைக்குப் போகிற படகு ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது.

"இதுக்கு பாஸ் வேணுமா?" என்று குழந்தைவேலு டிக்கெட்காரரிடம் கேட்டார்.

"பாஸா? டிக்கெட் போதும் பாய். அந்தப் பக்கம் என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்ல."

"அப்புறம் எதுக்குப் போறே?"

"போகலாம்னா போகாம என்ன?"

நான் மல்லிகாவை வைத்துக்கொண்டு துறையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் அந்தக் கரைக்குப் போனார்கள். இறங்கவில்லை. அதே படகில் திரும்பி வந்தார்கள். இங்கேயும் இறங்காமல் மறுபடி போனார்கள். கோட்டுப் பையில் பிரஜாவுரிமைப் பத்திரம், கையில் வேர்க்கடலைப் பொட்டலம். அடுத்த முறை வந்தபோது டிக்கெட்காரர் காசு கேட்பதையே விட்டுவிட்டார்.

"நீங்களும் ஏறுங்கக்கா! பிள்ளையையும் கொண்டாங்க!" என்று செல்லம் படகிலிருந்து கை நீட்டினாள்.

எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. ஏறிவிட்டேன்.